13 இலட்சத்து 65 ஆயிரம் ரூபாய் குறைகிறது: வடக்கின் இளம் செய்தியாளர் பயிற்சிக்கு உங்கள் பங்கைத் தாருங்கள்

பேரன்புடையீர்,

வணக்கம். நல்லூர்த் திருவிழா நல்லபடி நிறைவேறிய கையோடு இதை எழுதுகிறோம். விஜயதசமி முடிந்து வரும் சனிக்கிழமை, 2025 ஒக்டோபர் 4ஆம் திகதி, எங்கள் நான்காவது அணிச் செய்தியாளர் பயிற்சி தொடங்க வேண்டும். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 20 பேரைத் தெரிவு செய்துவிட்டோம். அவர்களுக்குக் கடிதமும் போய்விட்டது. தேவை 23 இலட்சம் ரூபாய். கையில் இருப்பது 9 இலட்சத்து 35 ஆயிரம். நவராத்திரி தொடங்குமுன், செப்டெம்பர் 20ஆம் திகதிக்குள், மிகுதி சேராவிட்டால் அந்த 20 பேருக்கும் இன்னொரு கடிதம் எழுத வேண்டிவரும். அதை எழுத எங்களில் யாருக்கும் மனமில்லை.

பணம் ஏன் குறைந்தது என்று கேட்பீர்கள். முதல் மூன்று அணிகளுக்கும் செலவில் பாதிக்கு மேல் வெளிநாட்டு உதவியில் இயங்கிய ஒரு திட்டத்திலிருந்து வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தது. மார்ச் மாதம் எங்களுக்கும் ஒரு கடிதம் வந்தது: மன்னிக்கவும், இனித் தர வழியில்லை. யாரையும் நோவதற்கில்லை. தந்த காலத்தில் மனதாரத் தந்தார்கள். ஆனால் மானிப்பாயிலும் மல்லாவியிலும் செய்தி எழுதப் போகும் ஒரு பிள்ளையின் படிப்பு எங்கோ வாஷிங்டனில் போடும் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. இந்த முறை எங்கள் சனத்தின் காசில் நடத்துவோம் என்று ஏப்ரல் கூட்டத்தில் முடிவெடுத்தோம். ஐந்து மாதமாகியும் பாதியைக்கூட எட்டவில்லை.

இந்த மண்ணுக்குப் பத்திரிகை புதிதில்லை. 1841ஆம் ஆண்டிலேயே தமிழும் ஆங்கிலமுமாக இங்கே ‘உதயதாரகை’ வெளிவந்தது. அமெரிக்க மிஷன் மானிப்பாயில் வைத்திருந்த அச்சகத்தில் அது அச்சானது. முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் பெயரால்தான் வெள்ளைக்காரர், பிறப்பால் நம் ஊர்ப் பிள்ளைகள். பின்னர் ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை அதன் ஆசிரியராக இருந்தார். 1889இல் ‘இந்து சாதனம்’ வந்தது. 1930இல் ‘ஈழகேசரி’, 1959இல் ‘ஈழநாடு’, 1985இல் ‘உதயன்’. கொழும்பிலிருந்து ரயிலில் பத்திரிகை வரும்வரை காத்திருந்த ஊர், தன் செய்தியைத் தானே அச்சடித்துக் காலையில் வாசலில் போட்ட காலம் அது. எங்கள் குழுவின் மூத்தவருக்கு 81 வயது. இளமையில் அச்சுக் கோத்தவர். ஈய எழுத்துகளைத் தலைகீழாக வாசித்துப் பழகியதால் இப்போதும் எதிரே இருப்பவர் கையிலுள்ள கடிதத்தை மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே வாசித்துவிடுவார். 1981 ஜூன் மாதத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைச் சொல்லும் எல்லாரும் அதே நாட்களில் ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிந்ததைச் சொல்வதில்லை என்று அவர் கூட்டத்துக்குக் கூட்டம் குறைபட்டுக்கொள்வார். நியாயமான குறைதான்.

அதற்குப் பிறகு எரிந்தது கட்டடம் மட்டும் இல்லை. 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு நேரத்தில், யாழ்ப்பாணச் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் தன் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார். 2004 மே மாதம் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன். 2005 ஏப்ரலில் ‘தராக்கி’ என்ற பெயரில் எழுதிய சிவராம். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டார்கள். அந்த ஆண்டு மே 2ஆம் திகதி, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கு முதல் நாள், ‘உதயன்’ அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு ஊழியர்களைக் கொன்றார்கள். ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி மூடப்பட்டுக் காகிதம் வராமல் போனபோது பக்கங்களைக் குறைத்துக்கொண்டும் பத்திரிகை வந்தது.

வரும் ஒக்டோபர் 19 ஞாயிற்றுக்கிழமை, நிமலராஜன் போய் 25 ஆண்டு. அன்று எங்கள் பயிற்சியின் மூன்றாவது வார இறுதி. அந்த நாளில் வகுப்பறை பூட்டிக் கிடக்கக் கூடாது என்பது எங்கள் பிரார்த்தனை.

இன்றைய பிராந்தியச் செய்தியாளரின் நிலை பலருக்குத் தெரியாது. பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வெளிவந்த செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. பெற்றோல் தன் காசு, கைபேசிக்கு டேட்டா தன் காசு. துணுக்காய்ப் பக்கம் ஒரு குளக்கட்டு உடைந்ததைப் போய்ப் பார்த்து எழுதிவிட்டு வந்தால் கிடைப்பது பெற்றோலுக்கே காணாது. பகலில் கடையில் நிற்பார், தோட்டம் செய்வார், ரியூசன் கொடுப்பார், இடையில் செய்தியும் எழுதுவார். யாரும் உட்கார்த்திவைத்து அவருக்குத் தொழிலைச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரு வரி பிழைத்தால் பழி அவருக்கு. சரியாக எழுதினால் சில வேளை மிரட்டலும் அவருக்குத்தான்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் நினைவிருக்கும். ஒரு பக்கம் நஞ்சு என்றார்கள், இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை என்றார்கள். நடுவில் குடத்தோடு நின்ற சனம் எதை நம்புவது? ஆய்வுகூட அறிக்கையை வாசித்து, ஒரு லீற்றரில் எத்தனை மில்லிகிராம், அனுமதிக்கப்பட்ட அளவு எவ்வளவு, மாதிரியை யார் எங்கே எடுத்தார்கள் என்று கேட்கத் தெரிந்த செய்தியாளர் அப்போது ஊருக்கு ஒருவராவது இருந்திருக்க வேண்டும். 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் கொடுக்கும்படி அங்கிருந்த மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நீதிமன்றம் சொல்லும்வரை எத்தனை ஆண்டு இழுபட்டது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

இப்போது செம்மணி மனிதப் புதைகுழி. அங்குள்ள சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டிருக்கின்றன. அவற்றில் சிறுபிள்ளைகளுடையவையும் உண்டு. அந்தக் குழியின் ஓரத்தில் நின்று எழுதுவது எப்படி? நீதிமன்ற உத்தரவில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? பிள்ளையைத் தேடி வந்து நிற்கும் தாயின் முகத்துக்கு நேரே கமராவை நீட்டலாமா? தடயவியல் நிபுணர் சொன்னதையும் பக்கத்தில் நின்றவர் ஊகித்ததையும் ஒரே வரியில் கலந்தால், நாளை வழக்கில் அது யாருக்கு உதவும்? இவற்றுக்கு மட்டும் இரண்டு வார இறுதிகள் ஒதுக்கியிருக்கிறோம். எங்களைக் கேட்டால் அதுவும் போதாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டமும் பாடத்தில் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. இரண்டாவது அணியில் படித்த ஒரு தம்பி தன் கிராமத்து ஒழுங்கை ஒன்றுக்காக இப்படி எழுதிப் போட்டார். அந்த வீதி கடதாசியில் போட்டு முடிந்திருந்தது. ஊரில் அதே பள்ளம், அதே வெள்ளம். பதில் வந்ததும் ஆவணத்தின் படத்தோடு செய்தி போட்டார். நான்கு மாதத்தில் தார் விழுந்தது.

பயிற்சி முடிந்தபின் இவர்களைத் தனியே விட்டுவிடுவதில்லை. மூன்று அணியிலும் சேர்த்து 58 பேர் ஒரு வட்டமாக இருக்கிறார்கள். ஆளுக்கொரு மாவட்டம், ஆளுக்கொரு பத்திரிகை, வானொலி. தமிழர், முஸ்லிம்கள் இருக்கிறார்கள், வவுனியாவிலிருந்து இரண்டு சிங்களச் சகோதரர்களும் இருக்கிறார்கள். ஒருவர் அனுப்பும் ஆவணத்தை இன்னொருவர் சரிபார்த்துக் கொடுப்பார். சென்ற ஆண்டு மன்னார்ப் பக்கத் தங்கை ஒருவருக்கு மணல் அகழ்வுச் செய்திக்காக இரவு 9.40க்கு மிரட்டல் அழைப்பு வந்தது. அவர் வட்டத்தில் ஒரு வரி போட்டார். இருபது நிமிடத்தில் எங்கள் சட்டத்தரணி பேசினார். காலையில் மூன்று பேர் கூடப் போய் முறைப்பாடு பதிந்தார்கள். செய்தி அடுத்த வாரமும் தொடர்ந்தது. தனியாக இருந்திருந்தால் வீட்டுக்காரர் அவரை அன்றைக்கே வேலையை விடச் சொல்லியிருப்பார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து இன்னும் இருக்கிறது. தான் எழுதியவற்றுக்காக அந்தச் சட்டத்தின் கீழ் பத்திரிகையாளர் ஜே.எஸ். திசைநாயகத்துக்கு 2009இல் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டதை மறக்க முடியுமா? 2010இல் மன்னிப்புக் கிடைத்தது உண்மைதான். இப்போது இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சேர்ந்திருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். 12 வார இறுதிகள், 24 நாட்கள். வளவாளர்களோடு சேர்த்து நாளுக்கு 25 பேருக்கு மதியச் சாப்பாடும் தேநீரும் 4 இலட்சத்து 50 ஆயிரம். 20 பேரின் பஸ் செலவு 3 இலட்சத்து 60 ஆயிரம். தூரத்திலிருந்து வரும் 8 பேர் சனி இரவு தங்க 1 இலட்சத்து 92 ஆயிரம். வளவாளர் செலவு 3 இலட்சம். பாவித்த மடிக்கணினி நான்கு, 3 இலட்சத்து 80 ஆயிரம். கைநூல் 200 பிரதி, 1 இலட்சத்து 18 ஆயிரம். வழக்குக்கும் அவசரத்துக்கும் வைப்பு 5 இலட்சம். மண்டபத்துக்கு வாடகை இல்லை. குழுவில் யாருக்கும் சம்பளமோ படியோ இல்லை, தேநீர்ச் செலவும் கைக்காசுதான்.

மண்டபம் தந்த கோயில் அறங்காவலர் சபைக்கு முதல் நன்றி. மூன்று அணிகளுக்கும் மடத்தைத் திறந்துவிட்டு, கரண்ட் பில்லைக்கூட எங்களிடம் கேட்கவில்லை. மழை நாளில் பிள்ளைகளைத் தங்கவைத்த பங்குத்தந்தையையும் அருட்சகோதரிகளையும் நன்றியோடு நினைக்கிறோம். முல்லைத்தீவின் ஒரு கடற்றொழிலாளர் சங்கம் பணம் தர வழியில்லை என்று சொல்லி, நான்கு ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பெட்டியில் மீன் அனுப்பியது. அதிகாலை பஸ்ஸில் அதை ஏற்றிவிட்ட அந்த அண்ணர்களின் கைக்கு ஆண்டவன் குறைவு வைக்க மாட்டான். மானிப்பாயில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் முதல் ஓய்வூதியத்தை அப்படியே உறையில் போட்டுத் தந்தார். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. ஸ்காபுறோவில் டாக்சி ஓட்டும் ஒரு தம்பி 2018இலிருந்து மாதம் தவறாமல் 50 டொலர் அனுப்புகிறார், கொரோனா முடக்கத்தில் ஓட்டமே இல்லாத மாதங்களிலும் அனுப்பினார். இலண்டனில் ஒரு அக்கா, கணவரின் ஆண்டுத் திவசத்தன்று கொடுக்கும் அன்னதானத்தில் பாதியை எங்கள் மதியச் சாப்பாட்டுக்கு மாற்றிவிட்டார். சில்லறைப் பெட்டி வைத்த சலூன்காரர், கைநூலை அடக்க விலைக்கு அச்சடித்த அச்சகத்தார், 2022இல் பெற்றோல் வரிசையில் மணிக்கணக்கில் நின்று வளவாளரை ஏற்றிவந்த முச்சக்கரவண்டி ஓட்டுநர், எல்லாருக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் கேட்கவில்லை. ஊரில் ஒரு மரணம் என்றால் ரொறன்ரோவில் விடியமுன்னர் கைபேசியில் பார்த்துவிடுகிறோம். குளம் வான் பாய்ந்தால், தேர் இழுத்தால், காணி விடுவித்தால் உடனே படம் வேண்டும். ‘இதை ஏன் ஒருத்தரும் எழுதவில்லை’ என்று எங்களுக்கு வரும் செய்திகளுக்குக் குறைவில்லை. எழுதும் கைக்கு நாம் என்ன கொடுத்தோம்? ஒரு சாமத்தியச் சடங்கில் வீடியோக்காரருக்கும் ட்ரோனுக்கும் கொடுக்கும் காசில் இங்கே இரண்டு பேர் முழுப் பயிற்சியும் முடிப்பார்கள். சடங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் ஒரு பங்கு இதற்கும் வர வேண்டாமா? எங்கள் பழைய மாணவர்களிடமும் ஒரு வார்த்தை: மாதம் 1000 ரூபாய் தருவதாகக் கையெழுத்திட்டவர்கள் 34 பேர். ஒழுங்காகத் தருபவர்கள் 11 பேர். கஷ்டம் உள்ளவர்களை நாங்கள் அறிவோம், அவர்களைக் கேட்கவில்லை. மற்றவர்கள் உங்களுக்குப் பின்னால் வரும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லார் காசையும் வாங்குவதில்லை. அரசியல் கட்சிகள், பதவியில் இருப்பவர்கள், தேர்தல் வேட்பாளர்கள், அரச ஒப்பந்தக்காரர்கள் ஆகியோரிடம் வாங்குவதில்லை என்பது 2017இல் குழு தொடங்கியபோதே எழுதிய விதி. சென்ற மாதம் ஒருவர் 5 இலட்சம் தர முன்வந்தார், திறப்பு விழாவில் தான் விளக்கேற்ற வேண்டும் என்றார். குறையும் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது. நன்றி சொல்லி அனுப்பிவிட்டோம். தனி ஒருவரிடம் 2 இலட்சத்துக்கு மேல் பெறுவதுமில்லை.

3,000 ரூபாய் ஒருவரின் இரண்டு வார இறுதிப் பஸ் செலவு. 18,750 ரூபாய் ஒரு நாள் எல்லாருக்கும் சாப்பாடும் தேநீரும். பிறந்தநாள், திவசம் என்று உங்கள் நாளைச் சொன்னால் அந்த நாளில் உங்கள் பெயரால் பரிமாறுவோம். பணத்தைப் பொருளாளரிடம் நேரிலோ உங்கள் ஊர் இணைப்பாளரிடமோ கொடுத்து, இலக்கமிட்ட பற்றுச்சீட்டைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரிலுள்ள உறவினர் மூலம் கொடுக்கலாம். வரவு செலவு முழுவதும் 2026 ஜனவரியில் மடத்து அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும், யாரும் வந்து பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம்.

கடைசி நாள் செப்டெம்பர் 20, சனிக்கிழமை. அன்று மாலை 4 மணிக்கு மடத்தில் கூடுவோம். அதுவரை சேர்ந்த தொகையைப் பார்த்து 20 பேரையும் எடுப்பதா, குறைப்பதா என்று அங்கேயே முடிவு செய்வோம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

இப்படிக்கு,
செயற்குழுவினர் சார்பில்
தலைவர், செயலாளர், பொருளாளர்
யாழ்ப்பாணம்