ஹோஸ் கடை அண்ணனுக்கு நன்றி

சங்ககிரிப் பக்கம் ஹைட்ராலிக் ஹோஸ் (அழுத்தத்தில் ஆயில் ஓடும் ரப்பர் குழாய்) போட்டுத் தரும் அந்த அண்ணனின் பெயரைக் கேட்டேன், "பெயர் எதுக்கு தம்பி, வண்டி ஓடுதான்னு பாரு" என்று சொல்லிவிட்டார். அதனால் இங்கேயே நன்றி சொல்கிறேன்.

மண் அள்ளும் எங்கள் குட்டி வண்டியான ஸ்கிட் ஸ்டீர் லோடரில், இடதுபக்கச் சக்கரங்களை ஓட்டும் ஹைட்ராலிக் டிரைவ் மோட்டாரின் ஷாஃப்ட் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்ற மாற்றப் போய்க்கொண்டே இருந்தது. வெளியே சொட்டு கூடத் தெரியாது. ஆயில் முழுக்க, சக்கரத்துக்கான செயின் ஓடும் செயின் பெட்டிக்குள் இறங்கும். அதில் ஆயில் அளவு பார்க்கும் லெவல் போல்ட்டைக் கழற்றினால் குபுகுபுவென்று கொட்டும். வந்தவர்கள் எல்லாரும் சீலையே குறை சொன்னார்கள்.

இவர் சீலைத் தொடவே இல்லை. மோட்டாரின் கேஸ் (வெளிக்கூடு) டிரெயின் லைனில் பிரஷர் கேஜ் மாட்டச் சொன்னார். மோட்டாருக்குள் கசியும் ஆயில் அந்த லைன் வழியாகத்தான் டேங்குக்குத் திரும்ப வேண்டும்; அது அடைத்தால் கேஸில் பிரஷர் ஏறி, குறைந்த அழுத்தத்துக்கான சீலைப் பிதுக்கிவிடும். முள் சட்டென்று ஏறியது. ஹோஸை வெட்டிப் பார்த்தால், உள் ரப்பர் உரிந்து நாக்கு மாதிரி வழியை மறித்துக்கொண்டிருந்தது. வெளியே பார்க்கப் புத்தம் புதுசு!

அப்புறம் இன்னொன்று. பிரஷர் ஹோஸைக் கையால் தடவப் போன எங்கள் பையனை அதட்டி, கசிவு இருக்கிறதா என்று பார்க்க அட்டைத் துண்டைக் கொடுத்தார். கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோலைத் துளைத்தால் விரலையே எடுக்க வேண்டி வருமாம்.

வாங்கியது ஹோஸ் காசு மட்டும். ரொம்ப நன்றி அண்ணே, செயின் பெட்டியில் இப்போது லெவல் ஏறவில்லை.