மறு அறுவை குறைகிறதா என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு,

அறுவை நடக்கும்போதே புற்றுத் திசுவை ஒளிரச் செய்து காட்டும் ஆய்வுகள் பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். மகிழ்ச்சி. 5-ஏஎல்ஏ என்ற மருந்துக் கரைசலை அறுவைக்குச் சில மணி நேரம் முன்பே குடித்துவிட்டால், மூளைக்கட்டி நீல ஒளியில் இளஞ்சிவப்பாகத் தெரியும். அமெரிக்காவில் இதற்கு 2017-இல் அனுமதி கிடைத்தது. அப்புறம் 2021-இல் சினைப்பைப் புற்றுக்கும் 2024-இல் மார்பகப் புற்றுக்கும் ஒளிரும் மருந்துகள் வந்தன. படங்கள் பிரமிக்க வைக்கின்றன, சரி. ஆனால் நோயாளிக்கு வேண்டியது படம் அல்ல. மறுபடி அறுவை மேசைக்குப் போகாமல் இருப்பது. என் அக்காவுக்கு மார்பகக் கட்டியை அகற்றி, தையல் ஆறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் திசுப் பரிசோதனை முடிவு வந்தது: வெட்டிய விளிம்பில் புற்றணுக்கள் இருந்தன. மீண்டும் மயக்க மருந்து, மீண்டும் கத்தி. முதல் அறுவையைவிட அந்த இரண்டாவதுதான் அவரை உடைத்துப்போட்டது.

ஒளிராத இடமெல்லாம் சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட ஆழமாகச் செல்லும், அகச்சிவப்புக்கு அண்மையான ஒளியே திசுவுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம்வரைதான் தெளிவாகக் காட்டும். அழற்சி உள்ள நல்ல திசுவும் சில வேளை ஒளிரும். எனவே இத்தகைய ஆய்வுகளுக்கு நிதி தருவோர், எத்தனை பேருக்கு மறு அறுவை தவிர்க்கப்பட்டது, எத்தனை பேரிடம் புற்று கண்ணுக்குத் தப்பியது என்ற இரண்டு எண்களையும் வெளியிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். உங்கள் செய்திகளிலும் அந்த எண்கள் படத்துக்குப் பக்கத்திலேயே இடம்பெறட்டும்.

— ஒரு வாசகர்