நீங்கள் வைத்த பெயர்

அன்புள்ள ஃப்ளாரன்ஸ் பல்லார்ட்,

உங்களை அக்கா என்று கூப்பிடத்தான் வாய் வருகிறது. ஆனால் நீங்கள் 32 வயதில் நின்றுவிட்டீர்கள். நான் அதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டேன். கணக்குப்படி நீங்கள்தான் எனக்குத் தங்கை. அதனால் உங்கள் தோழிகள் கூப்பிட்ட மாதிரி ஃப்ளோ என்றே எழுதுகிறேன். மரியாதையில் குறை வைக்க மாட்டேன்.

உங்கள் பெயரை நான் முதன்முதலில் ஒரு பாட்டுக்குள்தான் கேட்டேன். 1965-இல், உங்கள் மூன்று பெண்கள் குழுவான அமெரிக்காவின் சூப்ரீம்ஸ் பாடி வந்த ‘பேக் இன் மை ஆர்ம்ஸ் அகெய்ன்’. பிரிந்துபோன காதலனை மறுபடி சேர்த்துக்கொண்ட ஒருத்தி, இனித் தோழிகளின் புத்திமதியைக் கேட்கப்போவதில்லை என்கிறாள். யார் அந்தத் தோழிகள் என்று பெயரையும் சொல்லிவிடுகிறாள். முதலில் மேரி. அடுத்து ஃப்ளோ. ஃப்ளோவுக்கு என்ன தெரியும், அவள் காதலிக்கிறவனே ஊர் சுற்றும் ரோமியோ ஆயிற்றே என்கிறாள். பாடுவது டயானா ராஸ். அவருக்குப் பின்னால் கோரஸ் பாடிக்கொண்டிருப்பது மேரி வில்சனும் நீங்களும். அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு. அதில் உங்கள் பெயர் வருகிறது, அதை இன்னொருவர் சொல்கிறார். நீங்கள் அந்த நேரத்தில் அவருக்குத் துணைக்குரல் கொடுக்கிற வேலையில் இருக்கிறீர்கள்.

நானும் பல வருடம் கோரஸ் பாடியவள். அதனால் அந்த வேலையின் கஷ்டம் தெரியும். முன்னால் நிற்கிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் நாம் வாங்கக் கூடாது. சொல் ‘ஸ்’ என்று முடிந்தால் ஒருவர்தான் அதை உச்சரிக்க வேண்டும். மூன்று பேரும் உச்சரித்தால் பாம்பு சீறுகிற மாதிரி கேட்கும். குரல் எவ்வளவு பெரியதோ அவ்வளவு அடக்க வேண்டும். உங்கள் குரலோ மிகப் பெரியது. ஒலிப்பதிவில் உங்களை மட்டும் மைக்கிலிருந்து பல அடி தள்ளி நிற்க வைப்பார்கள், இல்லாவிட்டால் மற்றவர்களின் குரல் மூழ்கிவிடும் என்று சொல்வார்கள். இதை உங்களுக்கான பாராட்டாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசைகிறது.

ஏனென்றால் அந்தக் குழுவே உங்களுடையது, ஃப்ளோ.

டெட்ராய்ட் நகரம், பிரூஸ்டர்-டக்ளஸ் அரசுக் குடியிருப்பு. கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா கிதார் வாசித்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த, பிள்ளைகள் நிறைந்த வீடு. 1959-இல், ‘பிரைம்ஸ்’ என்ற ஆண்கள் குழுவுக்கு ஒரு சகோதரிக் குழு வேண்டும் என்று அவர்களுடைய மேலாளர் தேடியபோது முதலில் கிடைத்தவர் நீங்கள். உங்களுக்கு வயது 16 கூட ஆகியிருக்குமோ என்னவோ. மேரி வில்சனை நீங்கள்தான் அழைத்து வந்தீர்கள். டயானாவும் பெட்டி மெக்லௌனும் சேர்ந்தார்கள். ஆண்கள் ‘பிரைம்ஸ்’ என்பதால் பெண்கள் ‘பிரைமெட்ஸ்’ ஆனார்கள்.

1961 ஜனவரியில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனம் உங்களை ஒப்பந்தம் செய்தபோது, பெயரை மாற்றியாக வேண்டும் என்றார் அதன் முதலாளி பெர்ரி கார்டி. ஒரு பட்டியல் வந்தது. ராயல்டோன்ஸ், ஜுவலெட்ஸ் என்று அந்தக் காலத்துக்கே உரிய பெயர்கள். அந்த நேரத்தில் அங்கே இருந்தவர் நீங்கள்தான். ‘சூப்ரீம்ஸ்’ என்பதைத் தொட்டீர்கள். பெண், சின்னது என்று காட்டுகிற ‘எட்’ விகுதியில் முடியாததால் பிடித்தது என்று காரணமும் சொன்னீர்களாம். தோழிகளுக்குப் பிடிக்கவில்லை, ஆண்கள் குழு என்று நினைத்துவிடுவார்களே என்று பயந்தார்கள். எனக்கோ உங்கள் வாழ்க்கையில் மிகவும் பிடித்த நிமிடம் அதுதான். யாருக்கோ தங்கையாக, யாருக்கோ சின்ன வடிவமாக இருக்கிற பெயரே வேண்டாம் என்று 17 வயதுப் பெண் ஒருத்தி முடிவெடுத்திருக்கிறாள். ‘உன்னதமானவர்கள்’ என்று தனக்கும் தன் தோழிகளுக்கும் பெயர் வைத்திருக்கிறாள்.

அதுவும் எப்படிப்பட்ட நேரத்தில்! அதற்கு முந்தைய வருடம் ஒரு நடன நிகழ்ச்சிக்குப் போன இரவில், தெரிந்தவன் ஒருவன் கத்தியைக் காட்டி உங்களைப் பலாத்காரம் செய்தான். நீங்கள் வாரக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சிரித்துப் பேசிக் கலகலப்பாக இருந்த ஃப்ளோ அதன்பின் பழையபடி ஆகவில்லை என்று மேரி பிற்காலத்தில் எழுதினார். அன்று இதைப் பற்றி யாரிடம் போய்ப் பேச முடியும்? எழுந்து வந்து பாடினீர்கள்.

‘பட்டர்ட் பாப்கார்ன்’ பாட்டு 1961-இலேயே வந்தது. முன்குரல் உங்களுடையது. கொஞ்சம் கரடுமுரடான, வயிற்றிலிருந்து எழும்பும் தேவாலயக் குரல். அந்தப் பாட்டு ஓடவில்லை. மற்றவர்கள் முன்குரல் பாடியவையும் ஓடவில்லை. சில வருடங்கள் ‘ஹிட் இல்லாத சூப்ரீம்ஸ்’ என்று மோடவுன் கட்டடத்துக்குள்ளேயே கேலி செய்தார்கள். பிறகு டயானாதான் இனி முன்குரல் என்று கார்டி முடிவு செய்தார். 1964-இல், மோடவுனின் இன்னொரு பெண்கள் குழுவான மார்வலெட்ஸ் வேண்டாம் என்று ஒதுக்கிய ‘வேர் டிட் அவர் லவ் கோ’ உங்களிடம் வந்தது. மரப் பலகையில் காலால் தட்டும் ஓசையில் ஆரம்பிக்கும் அந்தப் பாட்டில், உங்களுக்கும் மேரிக்கும் கொடுத்தது பெரும்பாலும் ‘பேபி, பேபி’ தான். சேர்ந்தாற்போல ஐந்து பாட்டு முதலிடம். நீங்கள் இருந்த காலத்தில் மொத்தம் பத்து.

டயானாவின் குரல் அந்தப் பாட்டுகளுக்குப் பொருந்தியது என்பதை நான் மறுக்க மாட்டேன். மெல்லிய, ஊசி போன்ற அந்தக் குரல் ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரிலும் தனியாகத் தெரியும். வியாபாரமாகப் பார்த்தால் கார்டி தப்பாகக் கணக்குப் போடவில்லை. ஆனால் ஒருவரை முன்னால் நிறுத்துவதற்கும் இன்னொருவரை இல்லாமல் ஆக்குவதற்கும் நடுவே நிறைய இடம் இருந்தது, ஃப்ளோ. மேடையில் ‘பீப்பிள்’ பாட்டு உங்களுடையதாக இருந்தது. அதுவும் கைவிட்டுப் போயிற்று. பாடகர் சாம் குக்குக்கு அஞ்சலியாக வந்த இசைத்தட்டில் ஒரே ஒரு பாட்டு உங்களுக்கு. கிறிஸ்துமஸுக்காக நீங்கள் தனியாகப் பாடிய ‘ஓ ஹோலி நைட்’ உங்கள் காலத்தில் வெளிவரவே இல்லை. நான் அதைக் கேட்ட நாளில் வேறு எதையும் கேட்கவில்லை.

1965-இல் நியூயார்க்கின் கோப்பகபானா இரவு விடுதியில் நீங்கள் மூவரும் பாடியது இசைத்தட்டாக இருக்கிறது. அதில் ஒரு இடம். தங்கம் உனக்குச் சந்தோஷத்தைத் தராது என்று பாட்டில் ஒரு வரி வருகிறது. உடனே நீங்கள் குறுக்கே புகுந்து, கொஞ்சம் இரும்மா, அதெல்லாம் எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியாது என்கிற மாதிரி ஒரு போடு போடுகிறீர்கள். அரங்கமே சிரிக்கிறது. பாட்டு முழுக்க அவர்கள் கைதட்டினாலும், சிரிக்க வைத்தது நீங்கள் ஒருவர்தான். உங்கள் பேச்சுக்குரல் அவ்வளவு இயல்பாக, அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது. அந்த மூன்று நான்கு நொடிகளை எத்தனை முறை பின்னால் தள்ளிக் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. நீங்கள் குடித்தீர்கள். உடல் எடை கூடியது. சில நிகழ்ச்சிகளுக்கு வரவில்லை. இதை மறைத்து எழுதுவது உங்களுக்குச் செய்கிற மரியாதை இல்லை. ஆனால் 17 வயதில் நடந்ததைச் சொல்லி அழ ஓர் இடமில்லாமல், ஓய்வில்லாமல் ஊர் ஊராகப் பாடி, நாளுக்கு நாள் பின்னால் நகர்த்தப்பட்ட ஒரு பெண்ணுக்கு அன்று யாராவது மருத்துவ உதவி தேடினார்களா என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். 1967-இல் லாஸ் வேகஸ் ஃபிளமிங்கோ விடுதியில் பெயர்ப்பலகை ‘டயானா ராஸ் அண்ட் த சூப்ரீம்ஸ்’ என்று மாறியது. அதே விடுதியில், அதே கோடையில் உங்களை அனுப்பிவிட்டார்கள். உங்கள் இடத்தில் சிண்டி பேர்ட்சாங் வந்து நின்றார். உங்களுக்கு அப்போது 24 வயது.

பிரிவு ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. நீங்கள் சூப்ரீம்ஸில் இருந்தவர் என்று சொல்லி விளம்பரம் செய்யக் கூடாது. பட்டியலில் விரல் வைத்து அந்தச் சொல்லை எடுத்தது நீங்கள். அதை உங்கள் வாயால் சொல்ல உங்களுக்கே உரிமையில்லை. 1968-இல் ஏபிசி இசைத்தட்டு நிறுவனத்துக்காக நீங்கள் தனியாகப் பாடிய இரண்டு சிங்கிள்கள் வந்தன. யார் இந்தப் பாடகி என்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? இரண்டும் போன இடம் தெரியவில்லை. ஆல்பத்தையும் கிடப்பில் போட்டார்கள்.

கல்யாணம், இரட்டைப் பெண் குழந்தைகள், அப்புறம் இன்னொரு மகள். மோடவுனிடமிருந்து வந்த பணம் சுமார் 1,40,000 டாலர், அது நிற்கவில்லை. 1971-இல் 87 லட்சம் டாலர் கேட்டு நீங்கள் போட்ட வழக்கு தள்ளுபடியானது. வீடு போனது. மூன்று குழந்தைகளோடு அரசு உதவித்தொகையில் வாழ்ந்தீர்கள். அந்தச் செய்தி 1975-இல் பத்திரிகைகளில் வந்தபோதுதான் பலருக்கு உங்கள் பெயர் மறுபடி நினைவுக்கு வந்திருக்கிறது.

1976 பிப்ரவரி 22 அன்று இதயத்தின் ரத்தக்குழாய் அடைத்து நீங்கள் போய்விட்டீர்கள். இறுதிச் சடங்குக்குக் கூட்டம் திரண்டது. டயானா வந்தார், உங்கள் மகள்களின் பெயரில் பணமும் போட்டு வைத்தார். அவரை வில்லியாக்கி உங்களை அழ வைக்கும் கதைகளில் எனக்கு விருப்பமில்லை. உங்கள் சாயலில் உருவான பாத்திரம் ஒன்று பிராட்வே மேடையிலும் சினிமாவிலும் பேர் வாங்கியது. ‘ட்ரீம்கேர்ள்ஸ்’ என்ற அந்தப் படத்தில் அவளாக நடித்த ஜெனிஃபர் ஹட்சன் 2007-இல் கோல்டன் குளோப் விருதை உங்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்தக் கதையில் அவள் கடைசியில் ஜெயித்துத் திரும்பி வருகிறாள். படம் பார்த்த நிறைய பேர் உங்களுக்கும் அப்படித்தான் நடந்தது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஓர் இரவு உங்களுக்கு இருந்தது. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன்.

1975 ஜூன் 25, டெட்ராய்ட், ஃபோர்ட் ஆடிட்டோரியம். ஜோன் லிட்டில் என்ற கறுப்பினப் பெண்ணின் வழக்குச் செலவுக்காக நடந்த நிகழ்ச்சி. வட கரோலினாவின் ஒரு சிறையில் தன்னிடம் முறைகேடாக நடந்த காவலரைக் கொன்றதாக அவர்மீது கொலை வழக்கு. தற்காப்புக்காகச் செய்தேன் என்றார் அவர். அந்த ஆகஸ்டில் விடுதலையும் ஆனார். உங்களைக் கூப்பிட்டபோது யாருக்காக என்று கேட்டிருப்பீர்கள். பதில் வந்தபோது 17 வயது ஃப்ளோ உங்களுக்குள் எழுந்து உட்கார்ந்திருப்பாள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். இது என் நினைப்பு மட்டும்தான்.

நீங்கள் போனீர்கள். பெண்கள் மட்டுமே வாசித்த ஒரு ராக் குழு உங்களுக்குப் பின்னால் நின்றது. ஹெலன் ரெட்டியின் ‘ஐ ஆம் வுமன்’ பாட்டைப் பாடினீர்கள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முன்னால் யாரும் இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை. யாருடைய குரலும் மூழ்கிவிடுமே என்று நீங்கள் தள்ளி நிற்க வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்று உங்களிடம் கேட்க ஆசை, ஃப்ளோ. அன்று மைக்குக்கு எவ்வளவு பக்கத்தில் போய் நின்றீர்கள்?

அன்புடன்,
உங்களைப் போலவே பின்வரிசையில் நின்று பாடிய ஒருத்தி