அந்த அசர்ட் ஒருநாளும் ஓடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஹாஸ்கல் (ஃபங்ஷன்களைக் கோத்தே புரோகிராம் எழுதும் 'ஃபங்ஷனல்' மொழிகளில் ஒன்று) பற்றி வந்த கட்டுரையில், "அசர்ட் எழுதுவது சி மொழிக்காரர்களின் பழைய பழக்கம்; ஃபங்ஷனல் மொழியில் டைப் சரியாக இருந்தால் போதும்" என்று ஒரு வரி இருந்தது. அசர்ட் என்பது, 'இந்த இடத்தில் இது உண்மையாக இருக்க வேண்டும்' என்று புரோகிராமின் நடுவே எழுதும் சோதனை வரி; பொய்யானால் புரோகிராம் அங்கேயே நிற்கும். டைப் என்பது, ஒரு மதிப்பு எண்ணா, எழுத்தா, பட்டியலா என்ற வகை. படித்துவிட்டு இதழை மூடி வைத்தேன். இரண்டு நாள் ஆகியும் மனம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சி மொழி வந்தது 1970-களில். கணினித் துறையின் முன்னோடி ஆலன் டூரிங் இந்த யோசனையைப் பற்றிப் பேசியது 1949-இல், கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு மாநாட்டில். ஐந்து எண்களைக் கூட்டி 26,104 வரும் ஒரு கணக்கை உதாரணமாகக் காட்டினார். வெறும் விடையை மட்டும் கொடுத்தால் சரிபார்ப்பவர் முழுக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும். ஒவ்வொரு ஸ்தானத்தின் கூட்டையும், அடுத்த ஸ்தானத்துக்குப் போகும் மீதியையும் எழுதி வைத்திருந்தால் துண்டு துண்டாகப் பார்த்துவிடலாம். புரோகிராம் எழுதுகிறவரும் ஆங்காங்கே "இந்த இடத்தில் இது இப்படி இருக்க வேண்டும்" என்று குறித்துத் தர வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கட்டுரையின் அந்த வரியை எப்படி அச்சேற விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஃபங்ஷனல் மொழிக்காரர்கள் அசர்ட்டை ஒதுக்கியதும் கிடையாது. ஓகேமல் என்ற ஃபங்ஷனல் மொழியில் அது மொழிக்குள்ளேயே இருக்கிறது. எர்லாங் என்ற இன்னொரு மொழியில் இடப்பக்கம் 'ஓகே' என்று எழுதி சமக்குறி போட்டாலே அது ஒரு சோதனைதான். வலப்பக்கத்திலிருந்து வேறு ஏதாவது வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் அந்த புராசஸ் அங்கேயே விழும்.

டைப்பை நம்பச் சொல்கிறீர்கள். சரி. நான் பார்ப்பது கடன் தவணைக் கணக்கு. ஒரு லட்சம் ரூபாயை 7 தவணையாகப் பிரித்தால் ஒன்றுக்கு 14,285 ரூபாய் 71 பைசா. ஏழையும் திரும்பக் கூட்டினால் 99,999 ரூபாய் 97 பைசா. 3 பைசா எங்கே? நாங்கள் எழுதும் டைப்பில் அது எண்களின் பட்டியல், அவ்வளவுதான். கம்பைலர் (நாம் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) ஒன்றும் கேட்காது. தவணைகளின் கூட்டு அசலுக்குச் சமமா என்று ஒரு அசர்ட்தான் கேட்கும்.

அதைவிட என்னைப் பதற வைத்தது கட்டுரையில் அச்சான உதாரணம். மதிப்புக்குப் பெயர் வைக்கும் 'லெட்' போட்டு, பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு அடிக்கோடு, சமக்குறி, அதற்கு வலப்பக்கம் அசர்ட். ஹாஸ்கல் சோம்பேறி மொழி. யாரும் கேட்காத மதிப்பை அது கணக்கிடாது. அடிக்கோட்டை யார் கேட்கப் போகிறார்கள்? அந்த அசர்ட் ஒருநாளும் ஓடாது. இப்படி எழுத வேண்டும்: அசர்ட், அடுத்து நிபந்தனை, அதற்கடுத்து நாம் திருப்பித் தரப்போகும் அந்தப் பட்டியலே. பட்டியலை யாராவது தொட்டால்தான் சோதனையும் நடக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் இதே அடிக்கோட்டு வரி இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. "அசர்ட் இருக்கிறதே" என்று ஏழு மாதம் நிம்மதியாக இருந்தேன். வருடக் கடைசியில் கணக்குப் பிரிவிலிருந்து கூட்டு இடிக்கிறது என்று வந்து நின்றார்கள். மூன்று ராத்திரி தேடினேன். கடைசியில் ஒரு சந்தேகத்தில், நிபந்தனையை அழித்துவிட்டு அந்த இடத்தில் 'ஃபால்ஸ்', அதாவது பொய், என்று மட்டும் போட்டு ஓட்டினேன். ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை. தவணைகள் அழகாக வரிசையாக வந்தன. கை சில்லிட்டுப் போனது.

திருத்தினேன். ஹாஸ்கல் கம்பைலரான ஜிஹெச்சியோடு வரும் சோதித்துப் பார்க்கும் கருவி ஜிஹெச்சிஐ-யில் ஓட்டியதும் உடனே கோப்பின் பெயரும் வரி எண்ணும் சொல்லி நின்றது. அப்புறம் சர்வரில் ஓடும் வடிவமாக பில்ட் செய்தால் மறுபடி அமைதி. வேகத்துக்காகப் புரோகிராமைச் செதுக்கும் ஆப்டிமைசேஷன் போட்டால் ஜிஹெச்சி அசர்ட்டைத் தூக்கிவிடும். பில்ட் செய்யும் கருவியான கபால் நம்மைக் கேட்காமலே ஆப்டிமைசேஷன் போடும். 'எஃப்-நோ-இக்னோர்-அசர்ட்ஸ்' என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் அவை தங்கும். கணினி அறிஞர் டோனி ஹோர் 1973-லேயே கேட்டார்: தரையில் படகோட்டப் பழகும்போது உயிர்காக்கும் சட்டை போட்டுக்கொண்டு, கடலுக்குப் போகும்போது கழற்றி வைப்பவரை என்னவென்று சொல்வது? எங்கள் சர்வர் அப்படித்தான் ஏழு மாதம் கடலில் இருந்தது. உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எழுத உட்கார்ந்த பிறகு பழையதும் சேர்ந்து வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அசர்ஷன், அதாவது அசர்ட் வரி, என்பதற்கு ஒரு இதழில் 'உறுதிமொழி' என்றீர்கள், அடுத்ததில் 'வலியுறுத்தல்'. படிக்கிற பிள்ளைகள் இரண்டும் வேறு வேறு என்று நினைக்க மாட்டார்களா? ஹாஸ்கல் வரிகளின் முன்னால் உள்ள இடைவெளியை அச்சில் தின்றுவிடுகிறீர்கள். அந்த மொழியில் இடைவெளிக்கு அர்த்தம் உண்டு. உங்கள் இதழைப் பார்த்துத் தட்டச்சு செய்பவருக்கு அது கம்பைலே ஆகாது. போன வருடமும் இதே விஷயமாக இரண்டு கடிதம் போட்டேன். கிடைத்தது என்ற ஒரு வரி பதில்கூட வரவில்லை. அந்த மௌனம்தான் கட்டுரையைவிட அதிகம் வலித்தது.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழில் நாலு வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அந்த உதாரணத்தைச் சரியாக, இடைவெளியோடு அச்சிட்டு, பில்ட் செய்யும்போது அசர்ட் காணாமல் போவதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்,
ஈரோடு