நினைவுத்தோப்புக்கு மூன்று கோடைத் தண்ணீர்: ஊராருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடையில் கிடக்கும் நம் ஊரை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இங்கே பிறந்து சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம். எழுதும் வேலையைக் குழு என் தலையில் கட்டிவிட்டது. நடுநடுவே என் சொந்தக் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்குத் தெற்கே, கஜா புயலில் மொத்தமாகச் சாய்ந்துபோன தென்னந்தோப்பு ஒன்று, எழுபது சென்ட், இப்போது ஊராட்சி பெயரில் இருக்கிறது. சிங்கப்பூரில் வாழும் ஒரு குடும்பம் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த இடம். இறந்தவர்களின் சாம்பலில் ஒரு பங்கை மண்ணோடு கலந்து, அந்த மண்ணில் அவர்கள் நினைவாக மரம் வளர்க்க அங்கே ஒரு தோப்பு தொடங்கியிருக்கிறோம். அறுபது மரம் நிற்க வேண்டும் என்பது திட்டம். அதற்கு இன்னும் 2,88,000 ரூபாய் குறைகிறது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்டார்கள். தண்ணீர் இல்லாததிலிருந்து வந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அது ஒழுங்காக நடக்கிற ஆண்டிலேயே மாசி தொடங்கி ஆனி வரைக்கும் புது ஆறு என்று நாம் அழைக்கும் இந்தக் கால்வாயில் மணல்தான். சாவு அணைக்கட்டு அட்டவணை பார்த்து வருவதில்லையே.

என் அப்பா 2019 மே மாதம் இறந்தார். பால் தெளித்து எலும்பு பொறுக்கிய பிறகு, கலயத்தோடு ஆற்றுக்குப் போனோம். ஆற்றில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. சித்தப்பா மணலில் முழங்கை ஆழம் ஊற்று தோண்டினார். கால் குடம் கலங்கல் தண்ணீர் ஊறியது. அதில் கரைத்தோம். கரைத்தோம் என்பது பேச்சுக்கு, கொட்டினோம் என்பதுதான் உண்மை. அந்த ஆண்டு மேட்டூர் ஜூனில் திறக்கவுமில்லை. ஆற்றுப் பாலத்தில் சைக்கிளில் போகும்போதெல்லாம் மணலில் அந்தச் சாம்பல் திட்டு என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. வசதி உள்ளவர்கள் கார் வைத்து ராமேசுவரம் போகிறார்கள், இல்லாதவர்கள் மல்லிப்பட்டினம் கடலுக்குப் போகிறார்கள். அதற்கும் முடியாதவர்களுக்கு இந்த ஊற்றுதான்.

கொஞ்சம் சாம்பலை நான் வீட்டில் எடுத்து வைத்திருந்தேன். ஆடி பிறந்ததும் கொல்லையில் ஒரு குழி வெட்டி, சாம்பல் முழுவதையும் அடியில் கொட்டி, மேலே ஒரு வேப்பங்கன்றை வைத்தேன். வேம்பு எங்கேயும் முளைக்கும் மரம் அல்லவா? மூன்றே வாரத்தில் இலை நுனியெல்லாம் தீய்ந்து, கன்று பட்டுப்போனது. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு அது அப்பா இரண்டாம் முறை செத்த மாதிரி.

வேளாண்மை படித்த தம்பி ஒருவர் பிறகு விளக்கினார். எரிந்து முடிந்த ஒரு பெரிய ஆளின் எலும்புச் சாம்பல் இரண்டு முதல் மூன்று கிலோ வரும். அதில் பெரும்பங்கு கால்சியம் பாஸ்பேட். செடிக்குப் பாஸ்பரஸ் வேண்டும் என்பது சரிதான், ஆனால் அந்த வடிவத்தில் இருப்பதை வேர் எளிதில் உறிஞ்சாது. அதைவிட மோசம் காரமும் உப்பும். நல்ல மண்ணின் கார அமில அளவு ஆறிலிருந்து ஏழரை வரை இருக்கும். இந்தச் சாம்பலுக்கு அது பதினொன்றை ஒட்டி வரும். சோடியமும் அதிகம். நம் ஊரில் தென்னை மட்டை, வறட்டி, வைக்கோல் வைத்து மூட்டம் போடுவதால் அந்தச் சாம்பலும் கூடவே கலந்துவிடுகிறது. அவரைக் கொடியில் அசுவினி விழுந்தால் அடுப்புச் சாம்பலை லேசாகத் தூவுகிற நாம், அதையே கூடை கூடையாக வேரில் கொட்டுவோமா? நான் கொட்டியிருக்கிறேன்.

ஸ்பெயினில் பயோஸ் அர்ன் என்று ஒரு மட்கும் கலசம் செய்து விற்கிறார்கள். அதில்கூட கீழே சாம்பலுக்கு ஓர் அறை, மேலே விதைக்கும் மண்ணுக்குமாகத் தனி அறை. சாம்பலிலிருந்து மரம் முளைக்கிறது என்று படம் போட்டு விளம்பரம் செய்தாலும், இளவேர் சாம்பலைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் சூட்சுமம்.

சரி, நாங்கள் எப்படிச் செய்கிறோம்? ஒரு மரத்துக்கு இரண்டு கைப்பிடிச் சாம்பல், அதற்கு மேல் வாங்குவதில்லை. மட்கிய தொழுவுரம், தென்னைநார்க் கழிவு உரம், செம்மண் மூன்றையும் நாலைந்து கூடை சேர்த்து, குடும்பத்தார் தங்கள் கையாலேயே கலக்கிறார்கள். நிழலில் ஒரு குழியில் ஈரம் காயாமல் இரண்டு மாதம் அது கிடக்கும். உப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து இறங்கும். அப்புறம் கன்றின் தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, வட்டமாக வெட்டிய பள்ளத்தில் இடுகிறோம். வேர் பரவிப் பரவி அங்கே போய்ச் சேரும்போது அது மண்ணாகவே ஆகியிருக்கும். அந்தக் குழிக்கு 'ஊறல் குழி' என்று பெயர் வைத்தோம். ஊறல் என்று பலகை வைத்தால் மதுவிலக்குப் போலீஸ்தான் முதலில் வரும் என்று இளவட்டங்கள் கிண்டல் செய்ததால், பலகை வைக்கவில்லை.

எந்த மரம் என்பதை குடும்பம் சொல்லலாம், ஆனால் இந்தப் பட்டியலுக்குள்: புன்னை, பூவரசு, புங்கன், வேம்பு, இலுப்பை, பனை. கடற்காற்றையும் உவர் நீரையும் தாங்கக்கூடியவை இதில் பாதிக்கு மேல். 2018 நவம்பர் 16 விடியற்காலை எது விழுந்தது, எது நின்றது என்று பார்த்தவர்கள் நாம், நமக்குப் புத்தகம் வேண்டாம். ஆல், அரசு கேட்கிறார்கள். எழுபது சென்டில் ஓர் ஆலமரமே மற்ற அத்தனை பேருடைய இடத்தையும் எடுத்துக்கொள்ளும் என்பதால் மறுத்துவிட்டோம். பனை கேட்ட நான்கு குடும்பங்களிடம், நுங்கு வெட்ட பதினைந்து ஆண்டாவது ஆகும் என்றோம். "எங்களுக்கு என்ன அவசரம், போனவர் திரும்பியா வரப்போகிறார்" என்றார் ஓர் ஆத்தா.

மற்ற நாடுகளில் இது புதிதல்ல. ஜப்பானில் இச்சினோசெகி என்ற ஊரில் ஒரு புத்தக் கோயில் 1999-இல் கல்லறைக் கல்லுக்குப் பதில் செடி நட்டுச் சாம்பலை அடக்கம் செய்யத் தொடங்கியது. ஜெர்மனியில் 2001-இல் ரைன்ஹார்ட்ஸ்வால்ட் காட்டில் ஆரம்பித்தார்கள். அங்கே ஏற்கெனவே வளர்ந்து நிற்கிற மரத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் அடியில் மட்கும் கலசத்தைப் புதைக்கிறார்கள். ஒரு மரத்தை 99 ஆண்டு வரை குடும்பத்துக்கு ஒதுக்கித் தருகிறார்கள். அவர்களுக்குக் காடு தயாராக இருக்கிறது. நம்முடைய தோப்பு விழுந்துவிட்டது, ஒவ்வொரு மரத்தையும் கன்றிலிருந்து காப்பாற்றியாக வேண்டும்.

பெரியவர்கள் சிலருக்குச் சங்கடம் இருப்பது தெரியும். சாம்பலைத் தண்ணீரில் விடாவிட்டால் கடன் தீராது என்கிறார்கள். நாங்கள் அதை மறுத்துப் பேசப்போவதில்லை. கேட்பது இரண்டு கைப்பிடி, மீதியை நீங்கள் விரும்பும் தீர்த்தத்தில் கரையுங்கள். நேரு 1954-இல் எழுதிய உயிலில்கூட, தன் சாம்பலில் ஒரு பிடியை அலகாபாத்தில் கங்கையில் விடவும், பெரும்பகுதியை விமானத்திலிருந்து உழவர்கள் பாடுபடும் வயல்களில் தூவவும் சொல்லியிருந்தார். பத்தாண்டு கழித்து அப்படியே செய்தார்கள்.

புதைக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு வேறு கவலை. நம் இடுகாட்டில் ஒவ்வொரு குழிமேலும் சிமென்ட் மேடை கட்டி, அடுத்த குழிக்கு மண்வெட்டி இறங்க இடம் இல்லாமல் ஆகிவிட்டது. இறந்த பின் எரித்துவிடச் சொல்லி, தனக்குக் கல்லறை வேண்டாம், புன்னை போதும் என்று இரண்டு பேர் இப்போதே எங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது அவரவர் விருப்பம். புதைக்கத்தான் வேண்டும் என்றால் புதையுங்கள். மேலே சிமென்ட் பூசாமல், அந்த மண்ணில் ஒரு கூடை கொண்டு வாருங்கள், அதிலும் மரம் நடலாம். சின்னக் குழந்தைகளை நாம் யாரும் எரிப்பதில்லை. அவர்களுக்கும் தோப்பில் இடம் உண்டு. சென்ற ஐப்பசியில் நட்ட முதல் பூவரசு ஒரு குழந்தைக்குத்தான்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் சுடுகாட்டுக்கு இரண்டு பாதை, காரணம் எல்லோருக்கும் தெரியும். தோப்புக்குப் பாதை ஒன்றுதான். மரங்கள் இறந்த தேதி வரிசையில் நிற்கும், தெரு வரிசையில் அல்ல. அடியில் ஒரு சின்னக் கருங்கல், அதில் பெயரும் பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் மட்டும். பட்டப்பெயர் பொறிப்பதில்லை. இதற்காகவே இரண்டு பெரிய நன்கொடைகள் திரும்பிப் போயின. போகட்டும்.

பணக் கணக்குக்கு வருகிறேன். கருங்கல் கால் நட்டுக் கம்பி வேலி போட 1,40,000. ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் 1,65,000. தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதம் 3,000 வீதம் மூன்று ஆண்டுக்கு 1,08,000. கன்று, உரம், கல், மூங்கில் கூண்டு எல்லாம் சேர்த்து 27,000. மொத்தம் 4,40,000. கையில் இருப்பது 1,52,000. ஆளின் சம்பளத்தையும் கன்றுச் செலவையும் அறுபதால் வகுத்தால், ஒரு மரத்தை மூன்று கோடை தாண்ட வைக்க 2,250 ரூபாய். அந்தத் தொகையைத்தான் பெரும்பாலோரிடம் எதிர்பார்க்கிறோம். முடிந்தவர்கள் கூடுதலாக, முடியாதவர்கள் நூறோ இருநூறோ கொடுக்கலாம். கொடுத்தவருக்கு மரம் என்ற ஏற்பாடு கிடையாது. மரம் எல்லோருக்கும் இலவசம், கொடுத்தவர் பெயரைத் தோப்பில் எங்கும் எழுதவும் மாட்டோம்.

மூன்று ஆண்டுச் சம்பளம் எதற்கு என்று கூட்டத்தில் ஒரு மாமா கேட்டார். கன்று நடும் நாளில் மைக், மாலை, போட்டோ எல்லாம் தானாக வந்துவிடும். பங்குனியில் குடம் தூக்கத்தான் ஆள் வராது. ஆறு வறண்டு சாம்பல் கரைக்க வழியில்லாத அதே மாதங்களில்தான் கன்றுக்கும் தண்ணீர் வேண்டியிருக்கிறது. ஒத்திகையாக ஒன்பது கன்று நட்டோம், ஏழு நிற்கிறது. ஒன்று சித்திரை வெயிலில் காய்ந்தது. இன்னொன்றைக் குழு உறுப்பினர் ஒருவருடைய ஆடு தின்றுவிட்டது. பெயர் சொல்லவில்லை, அவரும் இதைப் படிப்பார்.

வங்கிக் கணக்கு விவரம் ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறது. எவ்வளவு சின்னத் தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவை மாதம் ஒருமுறை அதே பலகையில் ஒட்டுவோம். வருமான வரிச் சலுகைச் சான்று எங்களிடம் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து தாராளமாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களிடம் பணம் பெற, வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும். அந்தப் பதிவு நமக்கு இல்லை, அதனால் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், காலை ஆறு மணிக்குத் தோப்புக்கு வந்து நாலு குடம் ஊற்றிவிட்டுப் போங்கள். அதற்குச் சட்டம் தடை சொல்லவில்லை.

ஐப்பசி மழைக்கு முன் வேலி முடிந்தாக வேண்டும் என்பதால், ஆவணிக் கடைசிக்குள் பணம் சேர்ந்தால் நல்லது. ஆவணியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கல் கால்களுக்குக் குழி தோண்டுகிறோம். கடப்பாரை, மண்வெட்டி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். டீயும் சுண்டலும் குழுக் கணக்கில் வராது. அந்த ஆட்டுக்காரர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
நினைவுத்தோப்புக் குழுவினர்