மூன்று மணிக்குக் கூட்டம்

அன்பு மகளுக்கு,

நலம். அங்கு உங்கள் மூவரின் நலமறிய ஆவல்.

வகுப்பினர் உன்னை மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்கச் சொல்கிறார்கள் என்றும், முப்பத்தெட்டு வயதில் இருபது வயதுப் பிள்ளைகளிடம் போய் ஓட்டுக் கேட்பதா என்று கூச்சமாக இருக்கிறது என்றும் போன வாரம் தொலைபேசியில் சொன்னாய். குழந்தை அழுததால் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. மீதியை இதில் எழுதுகிறேன்.

பேரவை என்பது சின்னப் பிள்ளைகளின் காரியம் என்றாய். மாணவர்கள் தங்களைத் தாங்களே ஆளத் தொடங்கிய கதை அப்படியில்லை. 1088ஆம் ஆண்டில் தோன்றியதாகக் கருதப்படும், இத்தாலியிலுள்ள பொலோனியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர்களுள் பலர் வயது வந்தவர்கள். திருச்சபையில் பதவி வகித்துக்கொண்டே படிக்க வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். தங்களை ஆளும் தலைவரைத் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுத்தார்கள். பேராசிரியர் தாமதமாக வந்தாலும், மணி அடித்த பிறகும் பாடத்தை இழுத்தாலும் அபராதம் கட்ட வேண்டும். ஒரு நாள் விடுப்புக்கும் மாணவரின் அனுமதி வேண்டும். அவ்வளவு கெடுபிடி நமக்கு வேண்டாம்தான். பிற்காலத்தில், 1823இல், உழைப்பவர்கள் மாலையில் படிப்பதற்காக லண்டனில் தொழிலாளர் கல்விக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்றைய பிர்க்பெக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததே. அதன் நிர்வாகக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் தொழிலாளர்களாகவே இருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வருகிறவனுக்கு என்ன தேவை என்பது அவனுக்குத்தான் தெரியும் என்று அப்போதே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

அந்த யோசனை எனக்கு வர நாளாயிற்று. நாற்பத்தொரு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்தபோது, வகுப்பு ஐந்தரைக்குத் தொடங்கும், கல்லூரி அலுவலகச் சாளரம் ஐந்து மணிக்கே மூடிவிடும். ஒரு சான்றிதழில் முத்திரை வாங்க அரை நாள் சம்பளத்தை விட வேண்டியிருந்தது. இது பேரவையில் ஒருவருக்கும் தெரியாது. பேரவைக் கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு நடக்கும். அந்த நேரத்தில் வரக்கூடியவர்கள் முழுநேர மாணவர்கள் மட்டுமே. எங்கள் குறை அங்கே போய்ச் சேராததற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமில்லை, அந்த மூன்று மணிதான் காரணம்.

வேறு யாரும் கை தூக்காததால் நான் வகுப்புப் பிரதிநிதியானேன். முதல் கூட்டத்தில் எழுந்து வெகுநேரம் பேசினேன். தாய் வயதுக்காரி என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். நடவடிக்கைக் குறிப்பில் 'பரிசீலிக்கப்படும்' என்று ஒரு சொல் ஏறியது. அடுத்த இரண்டு கூட்டங்களிலும் அதே பேச்சு, அதே சொல். அதன் பிறகு, என்னைவிட இருபது வயதுக்கு மேல் இளைய செயலாளர் பையன் ஒருவன் என்னைத் தனியே அழைத்து, "அம்மா, நீங்கள் வருத்தத்தைச் சொல்கிறீர்கள், தீர்மானத்தைச் சொல்லவில்லை" என்றான். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே எழுதிக் கொடுத்தால்தான் அது நிகழ்ச்சி நிரலில் வரும் என்பதையும், எது நடக்க வேண்டும், யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும் என்பதையும் அவனே சொல்லிக்கொடுத்தான். இருபது ஆண்டு வேலை பார்த்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. அனுபவம் இருக்கிறது என்ற நினைப்பே கண்ணை மறைத்துவிட்டது.

பிறகுதான் கையெழுத்து வாங்கினோம். உன்னை விட்டுவிட்டு வர இடமில்லாத ஒரு நாளில் கடைசி பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நீதான் அந்தத் தாள்களை எண்ணினாய். அறுபத்தாறு என்றாய். சற்றுப் பொறுத்து, இரண்டு பேர் இரண்டு முறை போட்டிருக்கிறார்கள் என்று விரலை வைத்துக் காட்டினாய். அறுபத்து நான்கு என்று திருத்திக் கொடுத்தேன். அடுத்த பருவத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் சாளரம் ஏழரை வரை திறந்திருந்தது. நான் பேரவையில் இருந்த ஒரே ஆண்டில் சாதித்தது அவ்வளவுதான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். வேட்புமனு வாங்கும் முன் பேரவையின் விதித்தொகுப்பை முழுதாகப் படி. பகுதிநேர மாணவர் போட்டியிடலாமா, எத்தனைக் கூட்டத்துக்கு வராவிட்டால் பதவி போகும், கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையில் இணையவழியில் கலந்துகொள்பவரையும் சேர்ப்பார்களா என்று பார். இத்தகைய விதிகளைப் பெரும்பாலும் முழுநேர மாணவரை மனத்தில் வைத்துத்தான் எழுதியிருப்பார்கள். உனக்கு இடமில்லை என்று விதியே சொன்னால், அந்த விதியைத் திருத்தக் கோருவதுதான் உன் முதல் வேலை. திருத்தத்துக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும், எத்தனை பங்கு வாக்கு வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.

தலைவர் பதவி வேண்டாம் என்பது என் எண்ணம். விழா, வரவேற்பு, புகைப்படம் என்று உன் மாலைகள் போய்விடும். கணக்கு தெரிந்தவள் என்று பொருளாளர் பதவியை உன் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ரசீது ஒட்டியே ஆண்டு முடிந்துவிடும், அதற்கும் சம்மதிக்காதே. பாடத்திட்டக் குழுவிலோ தேர்வுக் குழுவிலோ மாணவர் பிரதிநிதிக்கு ஓர் இடம் இருந்தால் அதைக் கேள். தேர்வு அட்டவணை எத்தனை வாரம் முன்பு வர வேண்டும், நூலகம் எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்பவையெல்லாம் அத்தகைய குழுக்களில்தான் முடிவாகின்றன. ஆனால் அந்த இடத்துக்கு வாக்குரிமை உண்டா, அல்லது உட்கார்ந்து கேட்க மட்டுமா என்று முதலிலேயே விசாரித்துக்கொள். இணைச் செயலாளர் பதவியை இருவர் பகிர்ந்துகொள்ள விதி இடம் கொடுத்தால் அதுவும் உனக்குப் பொருந்தும். தேர்வு வாரத்தில் ஒருவர், அலுவலகத்தில் நெருக்கடி வரும் வாரத்தில் மற்றவர்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு வரி கூடுதலாக எழுதலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். எழுதலாம், தவறில்லை. அதற்காக மட்டும் போனால் மூன்றாவது கூட்டத்திலேயே அலுத்துவிடும்.

இளையவர்களுக்கு அம்மாவாகிவிடாதே. குறிப்பெடுப்பது, தேநீர் ஏற்பாடு, அழுபவரைத் தேற்றுவது எல்லாம் தாமாக உன்னிடம் வந்து சேரும். முறை வைத்துக்கொண்டால் செய், இல்லையென்றால் விட்டுவிடு. அவர்கள் தவறாகப் பேசினாலும் பேசி முடிக்க விடு.

நீ கேட்க வேண்டிய முதல் தீர்மானம் எதுவென்று உனக்கே தெரியும்: கூட்டம் ஆறு மணிக்கு மேல் நடக்க வேண்டும். அது நிறைவேறும் வரை, மூன்று மணிக்குக் கூட்டம் இருக்கும் நாள்களில் குழந்தையை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். தேதிகளை மட்டும் இரண்டு வாரம் முன்பே எழுதி அனுப்பு, நான் பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா