குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் நூல்களைப் பிழையறத் தொகுத்துக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நூலக வாசகர்கள், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், அச்சு மற்றும் மெய்ப்புப் பணியாளர்கள்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது நூலக இயக்ககம்,
சென்னை.

பொருள்: குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் நூல்கள் – இருப்புக் கணக்கெடுத்தல், மின்னுருவாக்கம், மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பாடம் (நூலின் சொல்வடிவம்), நூலகப் பயன்பாட்டுக்கு ஏற்ற மறுபதிப்பு – கோருதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம்.

சிலை, மணிமண்டபம், தெருவுக்குப் பெயர் ஆகியவற்றைக் கேட்டு இந்த மனுவை நாங்கள் எழுதவில்லை. அழ. வள்ளியப்பா எழுதிய பாட்டுகள் அவர் எழுதியபடியே, அவர் பெயரோடு, குழந்தைகள் கையில் கிழியாமல் நிற்கும் புத்தகமாகத் தமிழ்நாட்டு நூலகங்களில் கிடைக்க வேண்டும். எங்கள் கோரிக்கை இதுதான். சின்னக் கோரிக்கையாகத் தோன்றும். வேலையாக இறங்கினால் எத்தனை இடத்தில் தடுக்கும், ஏன் தடுக்கும் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

திருமயம் வட்டம் இராயவரத்தில் 7.11.1922 அன்று பிறந்தவர் வள்ளியப்பா. ஊர் அப்போது புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. 1940-ல் சென்னைக்கு வந்து, வை. கோவிந்தன் நடத்திய 'சக்தி' இதழின் அலுவலகத்தில் காசாளராகச் சேர்ந்தார். 'சக்தி'யின் ஆசிரியர் தி. ஜ. ர. அவரை எழுதத் தூண்டினார். அடுத்த ஆண்டே இந்தியன் வங்கியில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை வங்கி ஊழியராகவே இருந்தார். 1944-ல் 'மலரும் உள்ளம்' சிறு தொகுப்பாக வந்தது. பின்னர் விரிவாகி வந்தபோது அது மத்திய அரசின் பரிசைப் பெற்றது. தமிழக அரசின் பரிசுகளும் அவர் நூல்களுக்குக் கிடைத்தன. 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார். அதன் முதல் தலைவர் வை. கோவிந்தன். 'பூஞ்சோலை' இதழை நடத்தினார். வங்கிப் பணி முடிந்தபின் 'கோகுலம்' இதழுக்கு ஆசிரியரானார். 16.3.1989 அன்று 66-ஆம் வயதில் மறைந்தார். 'சிரிக்கும் பூக்கள்', 'பாட்டிலே காந்தி கதை', 'ஈசாப் கதைப் பாடல்கள்' ஆகிய பாட்டு நூல்களோடு 'நீலா மாலா', 'பர்மா ரமணி', 'வேட்டை நாய்', 'நல்ல நண்பர்கள்' போன்ற உரைநடை நூல்களும் அவருடையவை. நேஷனல் புக் டிரஸ்டுக்காக 'நம் நதிகள்' எழுதினார்.

இவ்வளவு எழுதியவரின் பாட்டுகள் இன்று பெரும்பாலும் பெயரில்லாமல் உலவுகின்றன. மல்கோவா மாம்பழப் பாட்டை நாட்டுப்பாடல் என்று நினைத்துச் சொல்லிக்கொடுப்பவர்கள் பலர். கடை நர்சரிப் புத்தகங்களிலும் காணொளிகளிலும் எழுதியவர் பெயரைப் பார்ப்பது அரிது. பெயர் போனால் மூலம் எது என்று கேட்க ஆள் இருக்காது. அதன்பின் அவரவர் விருப்பத்துக்கு அடிகள் மாறும்.

எப்படி மாறுகிறது என்பதற்கு லட்டுப் பாட்டே போதும். ஒரு தட்டில் எட்டு லட்டு. கிட்டு பாதியை எடுக்கிறான். மீதியைத் தங்கை பட்டு தின்கிறாள். எட்டும் தீர்ந்து தட்டு காலி. அடிதோறும் 'ட்டு' என்று முடியும் இயைபு. வங்கியில் இருந்தவர் எழுதிய பாட்டு என்பது பார்த்தாலே தெரியும், கணக்கு அவ்வளவு கச்சிதம். பக்கத்தில் படத்துக்கு இடம் வேண்டும் என்று பட்டு வரும் அடிகளை விட்டுவிட்டால் நான்கு லட்டுக்குக் கணக்கு இல்லை. இயைபு மட்டும் அப்படியே இருப்பதால் பிழை காதுக்குத் தெரிவதில்லை, விரல்விட்டு எண்ணும் குழந்தைக்குத்தான் தெரியும். மாம்பழப் பாட்டிலும் இதே கதைதான். பங்கு போட்டுத் தின்னலாம் என்று மற்றவர்களைக் கூப்பிடும் கடைசி அடிகளில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது. இடம் போதாதபோது வெட்டுப்படுபவையும் அவையே.

ஆகவே பின்வரும் பணிகளை இயக்ககம் மேற்கொள்ள வேண்டுகிறோம்.

முதலில் இருப்புக் கணக்கு. மாவட்ட மைய நூலகங்களும் கிளை நூலகங்களும் தங்களிடம் உள்ள வள்ளியப்பா நூல்களைப் பட்டியலிட்டு அனுப்ப ஒரே படிவம் வேண்டும். நூல் பெயர், பதிப்பாளர், பதிப்பு எண், ஆண்டு, பக்க எண்ணிக்கை, படங்கள் உண்டா, எந்தப் பக்கங்கள் இல்லை என்ற ஏழு விவரம் போதும். பதிப்பு எண்ணை விடவே கூடாது. ஒரே தலைப்பில் பாட்டுகள் கூடியும் குறைந்தும் வெவ்வேறு பதிப்புகள் வந்திருக்கின்றன. தலைப்பை மட்டும் வைத்து 'இரட்டைப் பிரதி' என்று ஒன்றைக் கழித்தால் போவது முந்தைய பதிப்பாக இருக்கலாம். கணக்கெடுப்பு முடியும்வரை அவர் நூல் எதையும் நீக்கல் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். செலவில்லாத உத்தரவு இது, முதலில் வர வேண்டியதும் இதுதான்.

1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி கன்னிமாரா நூலகத்துக்கு வந்துசேர்ந்த பிரதிகளை இந்தக் கணக்கோடு ஒப்பிடலாம். அதற்கு முந்தைய பதிப்புகளுக்கும் சிறுவர் இதழ்களுக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுக்கோட்டை ஞானாலயா நூலகம் ஆகியவற்றை அணுக வேண்டும். புத்தகத்தைக் கேட்டு வாங்க வேண்டாம். படியெடுக்க மட்டும் இசைவு கேட்டால் போதும்.

தேடும்போது பெயர் குழப்பும். அழ. வள்ளியப்பா, அழ.வள்ளியப்பா, வள்ளியப்பா அழ., வள்ளியப்பன் என்று பதிவேட்டுக்குப் பதிவேடு மாறும். புள்ளிக்குப் பின் இடைவெளி இருந்தால் ஒரு பெயர், இல்லாவிட்டால் இன்னொரு பெயர் என்றே கணினி எடுத்துக்கொள்ளும். ஒரு வடிவத்தை நிலையானதாக அறிவித்து, மற்றவற்றிலிருந்து அதற்குச் சுட்டு கொடுக்க வேண்டும்.

அடுத்து மின்னுருவாக்கம். இதில் அவசரம் காட்டினால் உள்ளதும் போய்விடும். இதழ்கள் அச்சான செய்தித்தாள் காகிதத்தில் மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டு அது அமிலமாகும்; தாள் பழுத்து, மடித்த இடத்தில் முறியும். இப்படிப்பட்ட பிரதியைக் கவிழ்த்து அழுத்தும் ஸ்கேனரில் வைத்தால் முதுகு பிளந்துவிடும். புத்தகத்தைப் பாதி விரித்து V வடிவத் தாங்கியில் வைத்து, மேலிருந்து கேமராவால் எடுக்க வேண்டும். முதுகை அறுத்துத் தாள்தாளாக ஊட்டும் முறையை ஒப்பந்தத்திலேயே தடை செய்ய வேண்டும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்னும். ஜப்பானியத் திசுத்தாளும் கோதுமை மாவுப் பசையும் போதும். லாமினேஷன் செய்த பக்கத்தை மீட்க வழியே இல்லை. படங்கள் உள்ள நூல் என்பதால் 400 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 400 புள்ளி) வண்ணத்தில் எடுத்து, மூலக் கோப்பைத் தரம் குறையாத டிஃப் வடிவில் வைத்துக்கொண்டு, வாசகருக்குப் பிடிஎஃப் தரலாம். கறுப்பு-வெள்ளையாக எடுத்தால் கோட்டோவியத்தின் மெல்லிய கோடுகள் அறுந்துபோகும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கும்போது இதற்கென்று தனித் தளம் தொடங்குவது வீண்செலவு.

படம் எடுத்ததோடு வேலை முடியாது, பாடத்தைச் சரிபார்ப்பதுதான் கடினம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பதிப்புகளில் ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கைக் கொம்போடும், ணா, றா, னா ஆகியவை சுழித்த பழைய வடிவிலும் இருக்கும். எழுத்துணரி மென்பொருள் இவற்றைத் தவறாகப் படிக்கும். பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது வரும் பிழை இதைவிட மோசம், ஏனென்றால் கண்ணுக்கே தெரியாது. ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் உட்கார்ந்திருக்கும். 'ரி' என்று நாம் படிப்பது கணினிக்குத் துணைக்காலும் கொக்கியும்தான். அச்சில் சரியாகத் தெரியும், தேடினால் அகப்படாது. ஔகாரத்தில் ளகரம் புகுவதும் இப்படித்தான்.

எனவே ஒவ்வொரு பாட்டையும் இருவர் தனித்தனியே தட்டச்சு செய்து, இரு கோப்புகளையும் கணினியால் ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களை மட்டும் மூன்றாமவர் மூலத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். பிறகு ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க மற்றவர் கோப்பைப் பார்க்கட்டும். குழந்தைப் பாட்டுக்கு இது கட்டாயம். ஒற்று மிகுந்தாலும் குறைந்தாலும் கண் தாண்டிப்போகும், தாளம் இடறும்போது காது பிடித்துவிடும். மெய்ப்பாளர் இலக்கணம் திருத்துகிறேன் என்று சந்தி சேர்க்கவும் கூடாது. சின்னப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று ஆசிரியர் பிரித்துப் போட்ட சொற்களைப் பிரித்தபடியே விட வேண்டும்; அடியை எங்கே மடக்கினாரோ அங்கேயே மடக்க வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு பாடம் வேறுபட்டால், அவர் வாழ்நாளில் வந்த கடைசிப் பதிப்பை ஏற்று, மற்றதைப் பின்னிணைப்பில் காட்டலாம்.

உரிமை நிலையை நூல்வாரியாகச் சரிபார்த்துக் கோப்பில் வைப்பது மறுபதிப்புக்கு முன் முடிய வேண்டும். பாட்டு வேறு, படம் வேறு. பாட்டின் உரிமை தெளிவாக இருப்பதால் ஓவியரின் உரிமையும் தெளிவாகிவிட்டது என்று கொள்ளக்கூடாது. ஓவியர் பெயரும் தலைப்புப் பக்கத்தில் வர வேண்டும்.

மறுபதிப்பின் வடிவம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. விலையை 16 பக்கம் கொண்ட அச்சு மடிப்பான ஃபாரத்தின் கணக்கில் மட்டும் பார்த்தால் சிறுவர் நூல் தோற்றுப்போகும். 32 பக்கப் படநூலுக்கு இரண்டு ஃபாரம்தான், ஆனால் நான்கு வண்ண அச்சும் கனமான தாளும் சேரும். விலை கட்டாத பதிப்பாளர் தாளில் குறைப்பார். 60, 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) தாளில் முழுப்பக்கப் படம் அடித்தால் பின்பக்கப் பாட்டுக்குள் யானை நிழலாகத் தெரியும். 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ என்னும் பூச்சில்லாத அச்சுத்தாளுக்குக் குறையாமலும், அட்டை 250 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமலும் கேட்க வேண்டும். தாளின் நார்ப்போக்கு முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் மழைக்காலத்தில் பக்கம் அலை அலையாக எழும், புத்தகம் படிந்து விரியாது. 48 பக்கம்வரை நடுவில் பின் அடித்தால் போதும், ஆனால் துருப்பிடிக்காத கம்பி வேண்டும். கடலோர மாவட்டங்களில் சாதாரண பின் துருவேறி நடுத்தாளை அறுத்துவிடும். அதற்கு மேற்பட்ட பக்கங்களுக்கு நூல் தையல். பசை மட்டும் போட்ட கட்டு நூலகத்துக்கு உதவாது. குழந்தைகள் புத்தகத்தைத் தரையில் வைத்து அமுக்கி விரிப்பார்கள், பக்கம் கழன்று வந்துவிடும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு எழுத்து 20 புள்ளிக்குக் குறையக்கூடாது. படத்தின் மேல் எழுத்தைப் படரவிடும் வடிவமைப்பு பெரியவர்கள் கண்ணுக்கு அழகு, எழுத்துக்கூட்டும் குழந்தைக்குத் தொல்லை.

நூலகத்துக்குள் வந்தபின் இன்னும் ஒரு வேலை. மெல்லிய நூலின் முதுகில், அலமாரியில் அதன் இடத்தைக் காட்டும் அழைப்பெண்ணை ஒட்ட இடமிருக்காது. ஒட்டுச்சீட்டை முன்னட்டையின் கீழ் ஓரத்தில், ஆசிரியர் பெயரை மறைக்காமல் ஒட்ட வேண்டும். முத்திரையைப் படத்தின் மீது குத்தாமல் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் குத்த வேண்டும். முதுகு காட்டி அடுக்கினால் இந்தப் புத்தகங்களை யாரும் எடுக்க மாட்டார்கள். குழந்தை நின்றால் கைக்கெட்டும் உயரத்தில், அட்டை முகம் தெரியும்படி வைக்கும் தட்டு ஒன்று கிளை நூலகத்துக்கு வேண்டும்.

இவ்வளவையும் மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் தொடங்கச் சொல்லவில்லை. புதுக்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் 'மலரும் உள்ளம்', 'சிரிக்கும் பூக்கள்' இரண்டை மட்டும் முதலில் எடுத்து, கணக்கெடுப்பு முதல் மறுபதிப்பு வரை செய்து பார்க்கலாம். நடைமுறைச் சிக்கல்கள் அதிலேயே தெரிந்துவிடும். அதே நடைமுறையை அரிமளத்தில் பிறந்த வாண்டுமாமா முதலிய மற்றச் சிறுவர் எழுத்தாளர்களுக்கும் பின்னர் நீட்டிக்கலாம். மெய்ப்பு ஒப்பீட்டுக்கும் உரக்கப் படிக்கும் பணிக்கும் இம்மனுவில் கையெழுத்திட்டவர்கள் ஊதியமின்றி வர ஒப்புகிறோம். மின்னுருவாக்கத்துக்கும் தாள் பராமரிப்புக்கும் பயிற்சி பெற்ற பணியாளரே தேவை. அதைத் தன்னார்வலரிடம் விடக்கூடாது.

நீக்கலை நிறுத்திவைக்கும் சுற்றறிக்கையை உடனடியாகவும், கணக்கெடுப்புப் படிவத்தை அதையடுத்தும் வெளியிட ஆவன செய்யுமாறும், எடுக்கும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: கணக்கெடுப்புப் படிவத்தின் மாதிரி – 1, கையெழுத்துப் பட்டியல்.
நகல்: மாவட்ட நூலக அலுவலர், புதுக்கோட்டை.

இடம்: புதுக்கோட்டை
நாள்: 03.11.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனுதாரர்கள்